மொட்டைப்பாலத்து வியாழக்கிழமை

மொட்டைப்பாலத் தோட்டத்துக்கு ஒரு வியாழக்கிழமை வந்தது. வந்தது மலாய் நாட்டில் சப்பான்காரன் இருந்த காலத்தில். போனது அவன் போன பிறகு. இடைப்பட்ட காலம் முழுக்க கோலா சாவாவில் வெள்ளியும் சனியும் ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்தன, ரெம்பாவில் சந்தை கூடிக் கலைந்தது, சி ரூசா கடலில் அலை தன் பாட்டுக்கு அடித்தது. இந்த ஒரு தோட்டத்தில் மட்டும், கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தப் பாலத்தைத் தாண்டினால், வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. வெயில் தொழிலாளர் லயத்துக் கூரைமேல் சாய்ந்து நிற்கும், நாய் ஒருக்களித்துப் படுத்திருக்கும், அடுப்பில் கிழங்கு பாதி வெந்திருக்கும். மழைக்காலத்தில் வெளியூர் ஆட்கள் பாலத்தின் நடுவில் நின்று குடையை மடக்கினார்கள். பாதிவரை நனைந்து வந்தவன் மீதிப் பாதியில் காய்ந்துவிடுவான். இதைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அரிசி கிடைக்காததைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் பஞ்சாலை என்கிற பெண். கித்தா என்கிற ரப்பர் மரம் சீவுகிறவள், முப்பதை எட்டிப்பிடிக்கிற வயது. சிலருக்குக் குரல் வாய்க்கும், சிலருக்குக் கைராசி வாய்க்கும். பஞ்சாலைக்கு வாய்த்தது சலிப்பு. சலித்துப்போய் உட்காருவதில் அவளை மிஞ்ச நெகிரி மாநிலம் முழுக்க ஆள் கிடையாது. சின்னப் பிள்ளையாக ஆயாக்கொட்டகையில் விட்டபோது ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாளாம். சுவர் வெட்கப்பட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்வரை எழுந்திருக்கவில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், அந்தச் சுவரின் சுண்ணாம்பு அடித்த பக்கம் இன்றைக்கும் வெளியேதான் இருக்கிறது.

அவளுக்கு வாய்த்த புருஷன் தங்கராஜுவோ சும்மா இருக்கவே தெரியாத மனிதன். தூக்கத்திலும் விசிலடிப்பான். குளிக்கப் போனால் வாளி ஒரு தாளம் போடும், அவன் ஒரு தாளம் போடுவான், இரண்டும் சண்டைக்கு நிற்கும். யாரைப் பார்த்தாலும் அடுத்த நிமிஷம் அவராகவே மாறி நடந்து காட்டுவான். துரையாக நடப்பான், துரையின் நாயாக நடப்பான். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் முனியாண்டியாக வயிற்றை முன்னால் தள்ளி நடந்தால், எதிரே வருகிற நிஜ முனியாண்டிக்கே தான் யார் என்று ஒரு கணம் சந்தேகம் வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஒரு இடத்தில் முழுசாக உட்கார்ந்து பஞ்சாலை பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் எழுந்து ஓடத் தயாராக நிற்கும்.

துரை ஒரு நாள் காரில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போனார். பின்னாலேயே கித்தா வாங்குகிறவனும் போனான். சப்பான்காரன் சைக்கிளில் வந்தான், கொடி ஏற்றினான், எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு முன்னே தள்ளச் சொன்னான், மரவள்ளி நடச் சொன்னான், அடுத்த தோட்டத்துக்குப் போனான். கப்பல் வராத நாட்டில் கித்தாவை யார் தின்பது? மரம் சீவ வேண்டாம் என்று உத்தரவு. ஆனால் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. விடியுமுன் லயத்து ஜனத்தை ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரட்டு நடக்காமல் அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் தொடங்கியதே கிடையாது. முனியாண்டி பேர் கூப்பிடுவார், ஆட்கள் 'இருக்கேன்' என்பார்கள், கிழங்குக் கொல்லைக்குப் போய் நாலு களை பிடுங்குவார்கள், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். அப்புறம் பகல். முழுப் பகல்.

உழைத்துப் பழகிய கைகள் மடியில் கிடந்து நாய்க்குட்டி மாதிரி முனகின. ஆண்கள் சீட்டாடி ஆடி, சீட்டில் இருந்த ராஜாவின் மீசை தேய்ந்து அவர் ராணியாகிவிட்டார். பக்கத்து வீட்டு ராக்கம்மா தோட்டத்தில் உள்ள எல்லாரைப் பற்றியும் வம்பு பேசி முடித்துவிட்டு, இன்னும் பிறக்காதவர்களைப் பற்றித் தொடங்கியிருந்தாள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: பொழுது போகலை. காலையில் பல் விளக்கும்போது பொழுது போகலை, மத்தியானம் கிழங்கு உரிக்கும்போது பொழுது போகலை. இத்தனை வாய்கள் இத்தனை முறை சொன்னால் எந்தப் பொழுதுக்குத்தான் போக மனம் வரும்? சரி, போகவில்லை என்று அதுவே ஒரு நாள் முடிவு செய்துவிட்டது. முதலில் கித்தா காட்டு நிழலில் தங்கியது. பிறகு மரங்களில் ஏறியது. பிறகு சொட்டத் தொடங்கியது.

இதை முதலில் பார்த்தவள் பஞ்சாலை. ஏனென்றால் மற்ற எல்லாரும் சலிப்பைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள், அவள் ஒருத்திதான் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தன் நிரையின் முதல் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒன்றும் நினைக்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த மங்கில் சொட்டென்று ஒன்று விழுந்தது. சீவாத மரம், பால் வர வழியில்லை. எட்டிப் பார்த்தாள். கஞ்சித்தண்ணீர் நிறத்தில் பாதி மங்கு நிரம்பியிருந்தது, வெகுநாள் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் வருகிற வாசம். வேறு யாராவது பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஓடியிருப்பார்கள். கித்தா மரம் சீவுகிற கைக்கு அதெல்லாம் தெரியாது. நிரம்பிய மங்கைப் பார்த்தால் வாளியில் ஊற்றும், அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு நிரை முழுக்க நடந்து எல்லா மங்குகளையும் வழித்து ஊற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னாடி அது, சப்பான்காரன் மாட்டுப்பாலா?" என்றாள் ராக்கம்மா.

"பொழுதுதான்க்கா. போகாம இங்கயேதான் கெடந்திருக்கு."

ராக்கம்மா ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். பார்த்தவள் அந்த விரலை வாயிலிருந்து எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று.

பால் என்றால் உறைய வைக்க வேண்டும். திராவகம் தீர்ந்து வெகுகாலம். பஞ்சாலை புளிப்பான பெலிம்பிங் காய்களை நசுக்கி ஊற்றினாள், உறைந்தது. உருளையில் கொடுத்து அழுத்தி, புகைக் கொட்டகையில் தொங்கவிட்டாள். கித்தா ஷீட்டு மாதிரியேதான் வந்தது, என்ன, இதன் வழியே பார்த்தால் எதிரே இருக்கிறவர் எதையோ மறந்துவிட்டு நிற்கிறவர் போலத் தெரிவார். இழுத்தால் நீண்டது. ஷீட்டு மட்டுமல்ல, அதன்மேல் வைத்தது எதுவானாலும் நீண்டது. தட்டின் அடியில் ஒரு துண்டைப் போட்டுச் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது: ஒரு கைப்பிடி சோறு, கருவாட்டு முள்ளைக் காட்டி எடுத்த குழம்பு, அதைச் சாப்பிட்டு முடிக்க ஒரு பிற்பகல் முழுக்க ஆயிற்று. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வந்து குசலம் விசாரித்துவிட்டு உள்ளே போயிற்று. பட்டினிக்காலத்தில் இதைவிட என்ன வேண்டும்? ஆளுக்கொரு துண்டு வாங்கிப்போனார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவசிதம்பரம்கூட, கௌரவத்தை விட்டு லயத்துக்கு இறங்கி வந்து ஒரு துண்டு கேட்டார். ஊரிலிருந்து வந்த கடைசிப் பனங்கட்டியை அதன்மேல் வைத்துத் தேநீர் குடித்தார்; அந்த ஒரே கட்டி அடுத்த தீபாவளியையும் பார்த்தது. ஆனால் ஷீட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. ராக்கம்மா தெரியாத்தனமாக அதன்மேல் உட்கார்ந்து தண்ணிக் குழாய்ச் சண்டை ஒன்றைத் தொடங்க, அது மூன்று வாரம் ஓடியது. எதிராளி நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஷீட்டுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. அதைக் கண்டுபிடித்தவன் தங்கராஜு. எல்லாரும் ஷீட்டின்மேல் தட்டை வைத்து வரிசையாக உட்கார்ந்து நீள நீளச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனுக்குப் பொறுக்கவில்லை. சப்பான் சிப்பாய் முதல் முறை டுரியான் பழம் சாப்பிட்டதை நடித்துக் காட்டினான். ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். ஷீட்டுகள் சடாரென்று சுருங்கின, ஒரு பிற்பகலுக்கான சோறு ஒரே வாயில் உள்ளே போய், அத்தனை பேரும் பசியோடு எழுந்தார்கள். சலிப்பில் செய்தது சலிப்பில்தான் நிற்கும். சிரிப்பு பட்டால், திகில் பட்டால், ஆவல் பட்டால் சுருங்கிப்போகும். அன்றைக்கு லயமே சேர்ந்து தங்கராஜுவைத் திட்டியது. அவன் அதையும் நடித்துக் காட்டினான்.

அப்போதுதான் சயாமுக்கு ரயில் போட ஆள் கேட்டார்கள். முதலில் கேட்டபோது வேட்டி தருவோம், அரிசிச் சோறு தருவோம் என்றார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் யாரும் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். மொட்டைப்பாலத்துக்கு ஒரு சப்பான் அதிகாரி வந்தார், கண்ணாடி போட்டவர், காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாதவர். ஆட்களின் பேரைச் சொல்லும்படி முனியாண்டியிடம் கேட்டார். முனியாண்டி வாயைத் திறந்ததும் முதலில் வந்த பேர் தங்கராஜு. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினவனுக்கு வேறென்ன வரும்? மற்ற பேர்கள் பின்னால் வந்தன. அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஒவ்வொருவராக லாரியில் ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. முறை தவறாத அந்த அதிகாரி அதை அழுத்திச் சொன்னார், பெரட்டில், பேர் கூப்பிட்டு. ஓடிப்போனால் வீட்டில் இருக்கிறவர்களை ஏற்றுவோம் என்பதையும் சொல்லிவிட்டு, பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

லயத்தில் அழுகை எழும்பியது. பஞ்சாலை அழவில்லை. புகைக் கொட்டகைக்குப் போய் இருந்த ஷீட்டு எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டாள்.

"என்னாடி பண்ணப் போற?" என்றாள் ராக்கம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நாளைக்கித்தானக்கா லாரி? இன்னிக்குப் பொழுது போனாத்தானே நாளைக்கி வரும்?"

ராக்கம்மா யோசித்தாள். மணியை முன்னே தள்ள தோக்கியோவில் இருக்கிறவனால் முடியும் என்றால், ஒரு நாளைப் பின்னே இழுத்துப் பிடிக்க மொட்டைப்பாலத்தில் இருக்கிறவளால் முடியாதா என்று அவளுக்கும் தோன்றியது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாலத்தின் குறுக்கே ஷீட்டுகளை விரித்தார்கள், செம்மண் சடக்குப் பாதையை ஒட்டி விரித்தார்கள், தோட்டத்து எல்லையைச் சுற்றிக் கடைசித் துண்டுவரை இழுத்து மரத்தோடு கட்டினார்கள். தோட்டம் முழுவதும், மரமும் லயமும் வெயிலுமாக, ஷீட்டின்மேல் வைத்த சோற்றுத்தட்டு மாதிரி ஆயிற்று. பஞ்சாலை தன் மரத்தடிக்குப் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்று மணி அடித்தது. அடித்த மணியின் ரீங்காரம் அடங்கவே இல்லை.

வெளியே வெள்ளிக்கிழமை விடிந்து, அதிகாரி லாரியோடு வந்தார். பாலத்தைத் தாண்டியதும் அவர் முகத்தில் வெயில் சாய்வாக விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது மூன்று மணிக்குத் திரும்பிப் போயிருந்தது. ஆபீஸில் சிவசிதம்பரம் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். இன்று என்ன கிழமை என்று அதிகாரி மலாயில் கேட்டார். சிவசிதம்பரம் பிறந்ததிலிருந்து பொய் சொல்லாதவர், அதனாலேயே வாழ்க்கையில் நிறையக் கஷ்டப்பட்டவர். காலண்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சன்னலுக்கு வெளியே மரநிழலைப் பார்த்தார், வியாழக்கிழமை என்றார். பெரட்டு எப்போது? விடிந்ததும். அப்படியானால் காத்திருக்கிறேன் என்று அதிகாரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சிப்பாய்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வெயில் அசையவில்லை. நாய் அசையவில்லை. அதிகாரி ஒரு கொட்டாவி விட்டார், வாழ்க்கையில் அதுதான் அவருடைய முதல் கொட்டாவி. அது முடியுமுன் தலைக்கு மேலிருந்த மரத்தின் மங்கு நிரம்பி வழிந்தது. காத்திருக்கிறவனின் சலிப்பு மற்றவர்களுடையதைவிடக் கெட்டியானது. பஞ்சாலை எழுந்துபோய், மரியாதையாக, அதை வாளியில் ஊற்றிக்கொண்டாள். அவர் காத்திருக்கக் காத்திருக்க வியாழக்கிழமைக்கு ஷீட்டு கூடிக்கொண்டே போனது. கடைசியில் எழுந்து, சட்டையைத் தடவிக்கொண்டு, லாரியோடு திரும்பினார்.

அவர் போனதும் கிராணி படியிறங்கி வந்தார். "பிள்ளை, நான் பொய் சொல்லேல்லை. கண்ணால கண்டதைத்தான் சொன்னனான். இண்டைக்கு வியாழன்தானே?"

"வியாழந்தான், கிராணி ஐயா."

"அப்ப சரி" என்றார் அவர், பெருமூச்சு விட்டுக்கொண்டு.

அதிகாரி திரும்பத் திரும்ப வந்தார். லயத்தில் அவருக்குக் கொட்டாவி மாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டார், ஒவ்வொரு முறையும் வியாழக்கிழமை, ஒவ்வொரு முறையும் பெரட்டுக்காகக் காத்திருந்து மங்கை நிரப்பிவிட்டுப் போனார். வெளியே மாதங்கள் போயின. உள்ளே அதே வெயில், ஒரே இடத்தில் விழுந்து விழுந்து மரநிழல்கள் மண்ணில் கறையாகப் பிடித்துவிட்டன, பெருக்கினாலும் போகவில்லை. அடை உட்கார்ந்த கோழி நம்பிக்கையை விடாமல் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் வளரவில்லை, நகம் வளரவில்லை, ஒரு வேளைக் கிழங்கு தீராமல் வெந்துகொண்டே இருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிலர் பாலத்தைத் தாண்டி வந்து தங்கினார்கள். சலித்து உட்கார முடிந்தவர்கள் இருந்தார்கள், முடியாதவர்கள் நாலு நாழிகையில் எழுந்து வெளியே போய் லாரியில் அகப்பட்டார்கள். கோலா சாவா வரைக்கும் ஷீட்டை இழுத்துப்போட முடியுமா என்று பஞ்சாலை ஒரு முறை பார்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் எட்டியது, அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும் போலிருந்தது. பாலத்தின் முனையில் நின்று, அந்தப் பக்கத்து லாரிகள் ஆட்களோடு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்றைய சலிப்பில் செய்த ஷீட்டு கறுப்பாக வந்தது. அதுதான் இருந்ததிலேயே உறுதியானது.

இத்தனை பேரைச் சலிப்பாக வைத்திருப்பது லேசான காரியமல்ல. ராக்கம்மா வம்பை விட்டாள். ஒரு பெண் இதைவிடப் பெரிய தியாகம் செய்ததாக அந்தப் பக்கத்தில் தகவல் இல்லை. எதிர்பாராத உதவி முனியாண்டியிடமிருந்து வந்தது. லாலான் புல்லை வேரோடு வெட்டுவது எப்படி என்று அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் கண்ணில் உயிர் இருக்காது. முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்தாலே ஆட்கள் ஓடுவார்கள். இப்போது பெண்கள் பாயைப் போட்டு, "அண்ணே, அந்த லாலான் வெட்டுன கதைய இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றார்கள். தன் பேச்சை ஆசையாகக் கேட்கிற ஜனத்தை வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ட முனியாண்டி உருகிப்போனார். தங்கராஜுவை லாரிக்குச் சொன்ன அதே வாயால், தன்னை அறியாமல், மங்கு மங்காக அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

காப்பாற்றப்பட வேண்டியவன்தான் அடங்கவில்லை. விசிலை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு, தாளத்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, கித்தா காட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். ஒரு முறை எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து லாலான் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முனியாண்டியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். வயிற்றை முன்னால் தள்ளினான். அவ்வளவுதான். ஒரு பிள்ளை களுக்கென்றது. மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த ராக்கம்மா வெடித்தாள். வியாழக்கிழமை முழுக்கச் சேர்த்துவைத்த சிரிப்பு லயத்தையே உலுக்கியது. பாலத்தில் ஷீட்டுகள் சுருக்கென்று இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெயில் கூரையிலிருந்து வழுக்கி மர உச்சிக்குப் போனது, அங்கிருந்து காட்டுக்குள் இறங்கத் தொடங்கியது, வௌவால்கள் கிளம்பின. பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று எஞ்சினை உறுமவிட்டது. சிரித்த வாய்கள் சிரித்தபடியே உறைந்தன.

பஞ்சாலை அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் தள்ளினாள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஒனக்குச் சாவுறது சுலபமா இருக்கு, சும்மா ஒக்கார்றது கஷ்டமா இருக்கா மாமா?"

அவன் வழக்கம்போல ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. "ஆமா புள்ள" என்றான். "நெசமாவே அப்படித்தான் போலிருக்கு."

"ஒக்காரு."

உட்கார்ந்தான். முதலில் முழங்கால் துடித்தது, பிறகு விரல்கள், காதுகள்கூடத் துடித்தன. பிறகு கோபம் வந்தது. முனியாண்டியைத் திட்டினான், சப்பான்காரனைத் திட்டினான், அவளைத் திட்டினான், மரத்தைத் திட்டினான். பிறகு அழுதான். தன் தம்பி காய்ச்சலில் செத்தபோது எடுத்த ஊர்வலத்தில் முன்னால் நின்று தப்படித்து ஆடி, அழுதவர்களையே சிரிக்க வைத்தவன், அந்த அழுகையை இப்போதுதான் அழுதான். அது தீர்ந்தது. தீர்ந்த பிறகு ஒன்றும் இல்லை. இந்த ஒன்றும் இல்லாததைத்தான் இத்தனை வருஷமும் விசிலடித்து விசிலடித்துத் தள்ளிவைத்திருந்தான் என்று பஞ்சாலைக்குப் பட்டது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். இருட்டு அடிமரம்வரை வந்துவிட்டது.

"புள்ள."

"ம்."

"இந்த எறும்பு மரத்துல ஏறுதே. எப்பவுமே ஏறுமா?"

"எப்பவுமே ஏறும்."

"நான் பாத்ததே இல்ல."

"நீ எதத்தான் பாத்த" என்றாள் அவள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதும், சும்மா இருக்கும்போது அவள் கீழுதடு லேசாகப் பிதுங்குவதும் அவனுக்கு அப்போதுதான் தெரியவந்தது. தலைக்கு மேல் மங்கில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. காட்டுக்குள் இறங்கிப்போன வெயில் கொஞ்சம் தயங்கி, வந்த வழியே மரங்களில் கை வைத்து மெல்ல ஏறி, லயத்துக் கூரைமேல் பழைய இடத்தில் சாய்ந்துகொண்டது. மூன்று மணி. முனியாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அதன் பிறகு வியாழக்கிழமையைத் தாங்கியதில் பாதி தங்கராஜுவின் சலிப்புதான். ஓடிக்கொண்டே இருந்த மனிதனுக்குள் அத்தனை பெரிய குளம் இருந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

கொட்டாவி மாஸ்டர் கடைசியாக வந்தபோது லாரி இல்லை, சிப்பாய் இல்லை, இடுப்பில் கத்தியும் இல்லை. பாலத்தின்மேல் நடந்து வந்து, கிழமை என்ன என்றுகூடக் கேட்காமல், வரிசையின் கடைசியில் சட்டைச் சுருக்கங்களோடு உட்கார்ந்தார். சிவசிதம்பரம் போய் விசாரித்தார். வெளியே சண்டை எல்லாம் முடிந்துவிட்டது, ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், இனி அவர் பேர் கூப்பிட வேண்டியவர்கள் யாரும் இல்லை, இங்கே இன்னும் வியாழக்கிழமைதான் என்றால் தானும் கொஞ்சம் இருக்கலாமா என்று அவர் கேட்டதாகக் கிராணி பஞ்சாலையிடம் சொன்னார். பஞ்சாலை அந்த மனிதரை வெகுநேரம் பார்த்தாள். பாலத்தின் முனையில் நின்று பார்த்த லாரிகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. "பொழுது சாயுற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள். "அதுக்கு மேல இங்க எடமில்ல."

தங்கராஜுவுக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "அப்ப எம்பேரக் கூப்புட ஆளே இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றார் கிராணி. அவன் பஞ்சாலையைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். முதலில் அவன் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு. அவன் சிரித்த சிரிப்பில் கோழி எழுந்து நிற்க, அதன் அடியில் அத்தனை முட்டையும் ஒன்றாகப் பொரிந்தது. வெயில் இறங்கி, இருட்டி, நட்சத்திரம் வந்து போய், விடிந்தது. எல்லாம் ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்குள். விடிந்தபோது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியும் சனியும் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி போய்விட்டிருந்தார். பக்கத்துத் தோட்டங்களுக்குச் சயாமிலிருந்து திரும்பியவர்கள் சிலர்தான். அவர்கள் பாலத்தைத் தாண்டி வந்து, போகும்போது தாங்கள் பார்த்த பிள்ளைகள் அதே உயரத்தில் நிற்பதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு புதுத் துரை வந்தார், மரம் சீவினார்கள், மங்கில் பழையபடி பால்தான் விழுந்தது. தங்கராஜு பழையபடி எல்லாரையும் நடித்துக் காட்டினான், முனியாண்டியைத் தவிர. ஆனால் தினம் மூன்று மணிக்கு ஆள் காணாமல் போவான். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் கால் நீட்டி, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் மழை பெய்தாலும் அந்த வீட்டுக் கொல்லையில் மட்டும் வெயில் நகராமல் நிற்கும். லயத்துப் பெண்கள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். புதிதாகக் குடிவந்த யாராவது, அண்ணனைப் பார்க்கணும் என்று வாசலில் வந்து நின்றால், பஞ்சாலை குரலைத் தாழ்த்தி, "அவரு வேலையா இருக்காரு, அப்பறம் வாங்க லா" என்பாள். கையில் துணி வாளி இருந்தால் இன்னொன்றும் சொல்வாள்: "கொடியில எடம் இருக்கு, போட்டுட்டுப் போங்க."